விசிறி நின்ற அறை

செத்துப்போன சபாநேசனின் பழைய சீடி பிளேயரை வாங்க மாளிகாவத்தையிலிருந்து ரிப்கான் வந்திருந்தான்.

"ஒருக்கா போட்டுப் பாக்கவா, அன்ரி?"

"ஓம், போடுங்கோ" என்ற தவமலர் எழும்பிப்போய் மின்விசிறியை நிறுத்தினாள். வாகன இரைச்சல் வரும் காலி வீதிப் பக்க யன்னலையும் சாத்தினாள். புருஷன் சபாநேசன் பாட்டுக் கேட்கையில் சின்னச் சத்தம் கேட்டாலும் வீடு இரண்டுபடும். இருமல் வந்தால்கூட அவள் விழுங்கத்தான் வேண்டும்.

"ஏன் அன்ரி ஃபேனை நிப்பாட்டினீங்க? வேர்க்குதே!"

தவமலர் பாட்டு முடியும்வரை கைகளை மடியில் வைத்தபடி இருந்தாள். ரிப்கானுக்குத் திருப்தி. பிளேயரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனான்.

அவன் போய் வெகுநேரமாகியும் தவமலர் அதே கதிரையில், வெறும் மேசையைப் பார்த்தபடி, வியர்வை வழிய இருந்தாள். தொண்டையில் இருமல் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.