மேயருக்கு ஏற்ற தண்ணீர்

ஊர் நூலகத்தை இடித்துக் கட்டுவது என்று முடிவானதும் புத்தகங்களுக்கு ஒரே நாளில் மாற்றிடம் கிடைத்துவிட்டது. மீன்களுக்குத்தான் கிடைக்கவில்லை. நூலகத் தொட்டியில் ஆறு ஆஸ்கர் மீன்கள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். மூத்ததற்கு மேயர் என்று பெயர். புடைத்த நெற்றி, எப்போதும் பாதி திறந்த வாய். யார் கேமராவைத் தூக்கினாலும் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றுவிடும். குழந்தைகள் வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்?

மார்லிஸ் குபியாக் ஒன்பது வருடமாகச் செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தத் தொட்டியைக் கழுவி வந்தவள். மேயர் அவள் விரலிலிருந்து இறாலை நோகாமல் வாங்கித் தின்னும். வேறு யாராவது விரலை நீட்டினால் விரலையே இறாலாக நினைத்துக்கொள்ளும். அந்த ஆறும் தன் வீட்டுக்கு வர வேண்டும் என்பதைத் தவிர மார்லிஸுக்கு அந்த வருடம் வேறு ஆசை இல்லை.

ஆசை டாக்டர் ரைன்ஹோல்ட் வாஸ்பர்க்குக்கும் இருந்தது. மூன்று ஏரி மீன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் அவர். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அந்தச் சங்கத்தில் அவர் மட்டும் டாக்டர். பல் பிடுங்குவதை விட்டுப் பத்து வருடமாகியும் பட்டம் மட்டும் வேரோடு இருந்தது. அவர் வீட்டு பேஸ்மென்டில் முந்நூறு கேலன் தொட்டி வந்து இறங்கியிருந்தது. பார்க்க வேண்டுமென்றால் முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டும்.

மீன் யாருக்கு என்பதற்கு டாக்டரே விதி எழுதினார், மூன்று பக்கம். சுருக்கம் இதுதான்: போட்டியிடுகிறவர்கள் புதுத் தொட்டியில் முப்பது சின்னப் பொன்மீன்களை ஆறு வாரம் வளர்க்க வேண்டும். ஆறாவது சனிக்கிழமை சங்கம் வீடு வீடாக வந்து தண்ணீரைச் சோதிக்கும். சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்த தொட்டித் தண்ணீரில் மருந்து விட்டால் மஞ்சளாக நிற்க வேண்டும். பச்சையடித்தால் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம் இருக்கிறது, நூலக மீன் கிடையாது.

மார்லிஸும் கணவன் லீராயும் தெரிந்தவரிடமிருந்து பழைய முந்நூறு கேலன் தொட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். இனி ஃபில்டர். கடைக்காரர் மூடிய குடுவை வகையைக் காட்டினார்.

"இந்த சைஸ் தொட்டிக்கு இது ரெண்டு வேணும்மா. ஆஸ்கர்னா மூணா வச்சுக்கங்க. அதுங்க திங்கிற தீனிக்கு..."

"டாக்டர் எது வாங்கினாரு?"

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஆறடுக்கு மெஷின். உள்ள நீல லைட்டு. தண்ணி எப்படி இருக்குன்னு நூத்துக்கு எவ்வளவுன்னு போன்லயே மார்க் போடும்."

மார்லிஸ் மூன்று குடுவைகளையும் தட்டிப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், மூடினாள். எல்லாம் அழகுதான். ஆனால் உள்ளே கைப்பிடி அளவு இடத்தில் எத்தனை உயிர் குடியிருக்க முடியும்? அவள் இருபத்திரண்டு வருடமாக ஊர்க் கழிவுநீர் நிலையத்தில் வேலை செய்பவள். ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கழிப்பறையும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும், டாக்டர் வீட்டினது உட்பட. அங்கே நீல விளக்கு எதுவும் கிடையாது. பெரிய வட்டத் தொட்டி நிறையக் கல். மேலிருந்து தண்ணீர் தூறும். கல்லில் வழவழவென்று படிந்திருக்கும் பாக்டீரியா அழுக்கைத் தின்னும். அந்தக் கல்லை ஒருவரும் தேய்த்துக் கழுவுவதில்லை.

"லீராய், உன் சீஸ் ஃபேக்டரியில அந்த நீலப் பீப்பா சும்மாதானே கெடக்கு?" என்றாள்.

லீராய் அந்த ஃபேக்டரிக்குப் பால் லாரி ஓட்டுபவன். பீப்பாய் வந்தது. அதை நிரப்பக் கல்லுக்குப் பதிலாகப் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் உருண்டைகள், மலிவுக் கடையில் இருந்த மொத்தமும்.

"வீட்ல அவ்ளோ பாத்திரமா?" என்று கேட்டாள் பில் போட்ட பெண்.

"இவ சமைச்சா அடி பிடிக்கும். அவ்ளோதான் சொல்லுவேன்," என்றான் லீராய்.

அடியில் ஒரு பம்ப், மேலே ஓட்டை போட்ட மூடி, தொட்டியிலிருந்து ஏறும் தண்ணீர் நார்மேல் மழையாகத் தூறி மறுபடி தொட்டிக்கு. பார்க்கக் கண்றாவியாக இருந்தது. மார்லிஸுக்கு மகா திருப்தி.

ஒன்றுதான் பாக்கி. புது நிலையம் தொடங்கும்போது பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றுவார்கள். குடியிருக்கப் போகிறவர்கள் வந்தால்தானே வீடு? நூலகரிடம் கேட்டுக்கொண்டு, நூலகத் தொட்டி ஃபில்டரின் பழைய ஸ்பாஞ்சு ஒன்றை வாளியில் பிழிந்தாள். சாக்லேட் பால் போல் வந்தது. பாதியை ஜாடியில் எடுத்துக்கொண்டு டாக்டர் வீட்டுக்கே போனாள். போட்டி என்றாலும் அந்த முப்பது பொன்மீன் என்ன பாவம் செய்தது?

டாக்டர் ஜாடியைப் பார்த்தார். முப்பது வருடம் ஊர் வாயைப் பார்த்தவர் அப்படி ஒருபோதும் முகம் சுளித்திருக்க மாட்டார்.

"மார்லிஸ், உங்க வேலை இடத்துல இதெல்லாம் சரியா இருக்கலாம். என் தொட்டிக்குள்ள சாக்கடை வராது."

"சரிங்க டாக்டர்," என்று ஜாடியை மூடி எடுத்து வந்து மிச்சத்தையும் தன் பீப்பாயில் ஊற்றினாள்.

ஆறாவது சனிக்கிழமை பிற்பகல் சங்கத்தார் பதினான்கு பேர் முதலில் டாக்டர் வீட்டில் இறங்கினார்கள். பேஸ்மென்ட் நகைக்கடை மாதிரி இருந்தது. தண்ணீர் இருப்பதே தெரியாத தெளிவு. சுவரில் மாட்டிய திரை தொண்ணூற்றெட்டு மார்க் காட்டியது.

"தூய்மை ஒரு பழக்கம் இல்ல, அது ஒரு கொள்கை," என்று தொடங்கினார் டாக்டர்.

"கொள்கை இருக்கட்டும், சோதனைக் குழாயில கொஞ்சம் தண்ணி எடுக்கறேன்," என்றாள் காரியதரிசி பெவ். மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கினாள். ஐந்து நிமிடம் டாக்டர் தன் ஆறடுக்கை விளக்கினார். பிறகு பெவ் குழாயை வெளிச்சத்தில் தூக்கினாள்.

புல்தரை மாதிரிப் பச்சை.

"மருந்து பழசா இருக்கும்," என்றார் டாக்டர்.

"நேத்துதான் டாக்டர் சீல் உடைச்சேன்." பெவ் இன்னொரு குழாயில் செய்தாள். அதுவும் பச்சை. பொன்மீன்கள் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. "போன வாரம் எப்படி இருந்துச்சு?"

"மஞ்சள்! சுத்த மஞ்சள்!"

"அப்புறம் என்னதான் பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. நீங்கல்லாம் வரீங்களேன்னு நேத்து ஃபில்டரை மொத்தமாக் கழட்டி, ஒவ்வொரு அடுக்கா சுடுதண்ணிக் குழாயில பளபளன்னு..."

வாக்கியம் முடியவில்லை. மீன் வளர்க்கும் பதினான்கு பேர் ஒன்றாக மூச்சை இழுத்தால் ஒரு பேஸ்மென்டுக்கு அது பெரிய சத்தம். குளோரின் கலந்த ஊர்த் தண்ணீர், அதிலும் சூடு. ஐந்து வாரமாகக் குடியேறியிருந்த அத்தனை பாக்டீரியாவையும் விருந்தாளிகளுக்காகக் கொன்றிருந்தார். திரை மட்டும் தொண்ணூற்றெட்டிலேயே நின்றது. அது பார்த்தது தெளிவை மட்டும்தான்.

மார்லிஸ்தான் முதலில் அசைந்தாள். "பெவ், பாதித் தண்ணிய மாத்தணும், குளோரின் முறிக்கிற மருந்து போட்டு. மீனெல்லாம் தப்பிச்சிரும்." வாளிகளோடு நாலு பேர் இறங்கினார்கள்.

அங்கிருந்து மார்லிஸ் வீடு. பீப்பாயைப் பார்த்து இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவர் மூடியைத் தூக்கினார். நார் உருண்டைகள் பழுப்பாக வழவழத்தன.

"இதைக் கழுவவே மாட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கழுவினா வேலை யாரு பாக்கறது?"

ஐந்து நிமிடம். எலுமிச்சை மஞ்சள். பெவ் மூன்று முறை செய்தாள், மூன்றும் மஞ்சள். லீராய் ஒரு விசில் அடித்தான், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, யாரோ கைதட்ட, பதினான்கு பேரும் தட்டினார்கள். டாக்டரும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

அன்று சாயங்காலமே நூலகத்திலிருந்து ஆறு மீனும் பெரிய ஐஸ்பெட்டிகளில் வந்தன. மேயர் இருந்த பெட்டியைத் தூக்க லீராய்க்கு இன்னொரு கை வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்றவர் டாக்டர்.

"முதுகைப் பாத்து டாக்டர், கனம்," என்றாள் மார்லிஸ்.

"ரைன்ஹோல்ட்னே கூப்பிடுங்க," என்றார் அவர், ஒரு பக்கத்தைப் பிடித்தபடி.

படியில் மேயர் வாலை ஒரு வீசு வீசியது. ரைன்ஹோல்டின் கழுத்துப்பட்டையில் பாதிப் பெட்டித் தண்ணீர். யாரும் சிரிக்கவில்லை, அவர் முதலில் சிரிக்கும்வரை. பிறகு மேயர், பொன்மீன்களை வெளியே எடுத்துவிட்ட தொட்டிக்குள் வழுக்கி இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றது. மார்லிஸ் இறாலோடு விரலை உள்ளே விட்டாள்.