கீழ்வீட்டில் பேசிய நீர்யானை

ஞாயிற்றுக்கிழமை மாலை டிவியில் ஒரு கார்ட்டூன் படம் போடப்போகிறார்கள். அதில் ஆற்றைக் கடக்க உதவும் நீர்யானைக்குக் குரல் கொடுத்தவள் அந்த மாடிவீட்டுக்காரி. மற்ற நாட்களில் கண் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பில் உட்காருபவள். அவள் குரல் கரகரவென்றிருக்கும். சின்ன வயதில் அண்ணன் அவளைத் தவளை என்றே கூப்பிட்டான். அதே குரலை மருத்துவமனையில் கேட்டுத்தான், கண் காட்ட வந்த ஒலிப்பதிவு செய்பவர் ஒருவர், "நீர்யானை கிடைச்சிருச்சு!" என்று துள்ளியிருந்தார்.

அவள் கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து ஸ்பீக்கர், தரையில் வைக்க, கட்டைச் சத்தத்துக்கென்றே ஒரு பெரிய பேஸ் பெட்டி, எல்லாவற்றையும் இயக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் என்று வாங்கிப் போட்டு, காலையிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். படம் பார்க்க வந்த அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஒயர்களைத் தாண்டித் தாண்டி வந்து சோபாவில் உட்கார்ந்தான்.

படம் ஆரம்பித்தது. ஆறு வந்தது, நாணல் வந்தது, வாத்துக் குஞ்சு ஒன்று வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் மட்டும் வரவில்லை.

"மாப்பிள்ளை, டிவியோட சொந்த ஸ்பீக்கர்லயே வச்சிருங்களேன்."

"சும்மா இருங்க மச்சான். இதெல்லாம் வாங்கினதே இன்னிக்குக்காகத்தான்!"

ரிமோட்டும் கையுமாக அவன் டிவியின் செட்டிங்கில் புகுந்தான். அவளுக்கோ உள்ளூர ஒரு நிம்மதி. அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து தன் குரலைக் கேட்டுவிட்டு மறுபடி தவளை என்பானோ என்று பயந்தாள். சத்தம் வராமலே படம் முடிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"இதோ, நம்ம ஸ்பீக்கர் பேரு வந்துருச்சு!" கணவன் ஒரு பட்டனை அழுத்தினான். இணைந்துவிட்டதாக டிவி சொன்னது. ஆனால் அறையில் ஈ பறந்தால்கூடக் கேட்கும் அமைதி. வால்யூமைக் கூட்டினான். இன்னும் கூட்டினான்.

"முழுசா வச்சுட்டேன், அப்பவும் வரல! வரவே மாட்டேங்குது!"

"எல்லாத்தையும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. லிஃப்டே அதுக்குக் கட்டுப்படும்" என்ற அண்ணன், தானே எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தான். திரை இருண்டது.

அடுத்த நிமிஷம் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் கீழ்வீட்டுக்காரி. பஸ் ஓட்டுபவள். படிக்கட்டில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி, ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்கள் சிவந்திருந்தன. கையில் உள்ளங்கையளவு ஒரு ஸ்பீக்கர்.

"மன்னிச்சுக்கங்க, சத்தம் வரலன்னு கொஞ்சம் கத்திட்டோம்" என்றான் கணவன்.

"சத்தம் வரலையா? மொத்தச் சத்தமும் எங்க வீட்டுலதான இருக்கு!"

அவள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். பாட்டுக் கேட்கலாம் என்று ஸ்பீக்கரை ஆன் செய்தால், செல்போனுக்கு முன்னால் மேல்வீட்டு டிவி புளூடூத்தில் வந்து அதைப் பிடித்துக்கொண்டது. இவர்கள் ஸ்பீக்கரும் அவளுடையதும் ஒரே கம்பெனி. பட்டியலில் பெயரைப் பார்த்துக் கணவன் அழுத்தியது இந்த ஸ்பீக்கரைத்தான்.

"'ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க, வாலைப் புடிச்சுத் தொங்காதீங்க'ன்னு திடீர்னு ஒரு கட்டைக் குரல். கத்தியவே கீழ போட்டுட்டேன். அப்புறம் பாத்தா, நான் தினமும் பஸ்ல கத்துறதத்தான் அதுவும் கத்துது! அடுப்பை அணைச்சுட்டு உக்காந்து கேட்டேன். அந்தக் குஞ்சு ஏறலாமா வேணாமான்னு அழுதுட்டு நிக்குது, நீங்க டக்குனு நிறுத்திட்டீங்க. அது ஏறுச்சா இல்லையா, அதச் சொல்லுங்க மொதல்ல."

மாடிவீட்டுக்காரி கணவனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, நீர்யானையின் குரலிலேயே சொன்னாள்: "ஏறிருச்சும்மா. காதைப் புடிச்சுக்கிட்டு ஏறிருச்சு."

கீழ்வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, நீங்களா அது!"

டிவியை மறுபடி போட்டார்கள். "சத்தத்த இதுக்கே அனுப்புங்க" என்று கீழ்வீட்டுக்காரி தன் ஸ்பீக்கரை அந்தப் பெரிய பேஸ் பெட்டியின் தலைமேல் வைத்தாள். நால்வரும் அதன் பக்கம் சாய்ந்து கேட்டார்கள். நீர்யானை வாத்துக் குஞ்சை அக்கரையில் இறக்கிவிட்டு, "பாத்துப் போ" என்றது. அண்ணன் மூக்கை உறிஞ்சினான்.

"என்னண்ணா?"

"ஒண்ணுமில்ல. இவங்க கையில வெங்காய வாசனை."

விளம்பர இடைவேளையில் கணவன் மறுபடி டிவியின் பின்பக்கம் போனான். டிவிக்கும் சுவருக்கும் நடுவில் அவன் கை நுழையவில்லை, அண்ணன் கையும் நுழையவில்லை. கீழ்வீட்டுக்காரி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கிச் சந்தில் சாய்த்துப் பிடித்தாள். "பின்னாடி வர்றதக் கண்ணாடியில பாக்குறதுதான் என் பொழப்பே. இங்க ஒரே மாதிரி மூணு ஓட்டை இருக்கு. ஒண்ணு பக்கத்துல மட்டும் என்னமோ எழுதியிருக்கு. ஒயர் அதுல இல்ல."

கணவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். மூன்றில் அந்த ஒன்றுதான் டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிஃபயருக்கு வெளியே அனுப்பும். மற்ற இரண்டும் உள்ளே வாங்கிக்கொள்ள மட்டும்தான். காலையில் கண்ணை மூடிக்கொண்டு செருகியிருக்கிறான்.

"தள்ளுங்க" என்று மாடிவீட்டுக்காரி தன் ஒல்லிக் கையை உள்ளே விட்டாள். "மேல... இன்னும் மேல... இடது பக்கம்... அதான்!" என்று கண்ணாடியைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரி வழி சொன்னாள். டக்கென்று உட்கார்ந்தது. விளம்பரத்தில் யாரோ சோப்பைப் பற்றி ஐந்து பக்கத்திலிருந்தும் கூவினார்கள். அண்ணன் கைதட்டினான். கணவன் தலைநிமிர்ந்து, சோபாவை இழுத்துச் சரியாக நடுவில் போட்டான்.

"இனிமே பாருங்க, நீர்யானை இந்த ரூமுக்குள்ளயே வந்து நிக்கும்."

அவள் மெல்லச் சொன்னாள்: "எனக்கு இனிமே ஒரே ஒரு இடம்தாங்க பாக்கி."

"என்ன வசனம்?"

"வசனமில்ல. கொட்டாவி."

படத்தின் கடைசியில், பொழுது சாய்ந்த ஆற்றில் நீர்யானை வாயைத் திறந்தது. கொட்டாவி பேஸ் பெட்டியிலிருந்து கிளம்பி, தரை வழியாகக் கால்களில் ஏறி, ஜன்னல் கண்ணாடியைத் தடதடக்க வைத்து, ஐந்து ஸ்பீக்கரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அடங்கியது. முதலில் அண்ணனுக்குக் கொட்டாவி வந்தது. அடுத்துக் கணவனுக்கு. கீழ்வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

"காலையில மொத பஸ் என்னுது. இப்படித் தூங்க வச்சா எப்படிங்க?" என்று சிரித்துக்கொண்டே, ஸ்பீக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.