ஒரே கை, இரண்டு விலை

டொக்டர் பொன்னுத்துரை சொன்ன இரண்டு விலைகளில் இரண்டாவதுதான் லாபிர் ஹாஜியாருக்குப் பிடிபடவில்லை. மனைவி சகீனாவின் வயிற்றுக் கட்டியை இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்க முப்பதாயிரம். அதே டொக்டர் பகலில் வேலை பார்க்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் என்றால் ஒரு சதமும் இல்லை.

"ரெண்டு இடத்திலையும் வெட்டுறது நான்தான். வியாழக்கிழமை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

கண்டியில் இருபது வருடமாகப் புடவைக்கடை நடத்துகிறவர் லாபிர். எண்பத்து மூன்று கலவரத்தில் எரிந்த கடைகளிலிருந்து பாதி விலைக்கு வந்த துணியிலேயே புகை மணத்தது. இதுவோ முழுசாகச் சும்மா.

"சும்மா குடுக்கிற சாமான்ல ஓட்டை இரிக்கும், டொக்டர். இருபத்தஞ்சு போடுங்க, இங்கயே முடிப்போம்."

சகீனா முக்காட்டை இழுத்துவிட்டாள். "என்ட வயித்துக்குமா பேரம்?"

"பின்ன? தேயிலைத் தோட்டத்துப் பொம்புளயளோட போய்ப் படுக்கப் போறியா?"

இருபத்தைந்துக்குப் படிந்தது. ஐயாயிரம் இலாபம். திரும்பும் வழியில், மருந்துத் தண்ணி வாங்க வெறும் போத்தலோடு அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வரிசையைக் காருக்குள்ளிருந்து பார்த்தார். வடக்குச் சண்டைக்குக் குண்டும் இதுகளுக்கு மாத்திரையும் வாங்கியே நாடு கடையைச் சாத்தப்போகிறது என்று பல்லைக் குத்திக்கொண்டார்.

ஒப்பரேஷன் முடிந்த மறுநாள் காலை சகீனாவின் படுக்கை விரிப்பு சிவந்து நனைந்தது. அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் குளிரூட்டி இருந்தது, பூச்சாடி இருந்தது. ஏற்ற ஒரு சொட்டு இரத்தம் இல்லை. மேட்ரன் முதலில் பில்லை நீட்டினாள். பிறகுதான், "அரசாங்க ஆஸ்பத்திரிக்கு உடன கொண்டு போங்க" என்றாள்.

அங்கே அதே பொன்னுத்துரை திரும்ப வெட்டித் தைத்தார். நண்பகலில் சகீனாவை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

"இரத்தத்துக்கு எவ்வளவு?" என்று லாபிர் கேட்டார்.

சிங்களத் தாதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பையைத் தொங்கவிடும் கம்பிகளெல்லாம் வடக்கிலிருந்து வந்த காயக்காரர்களின் வார்டுக்குப் போயிருந்தன. இரத்தப் பையை அவர் கையிலேயே திணித்தாள். "உயர்த்திப் பிடிங்க, மஹத்தயா."

பத்து நிமிடத்தில் தோள் கடுத்தது. கை இறங்கியது.

"மொதலாளி, ஒசத்திப் புடிங்க! ரத்தம் எறங்கல பாருங்க." பக்கத்துக் கட்டிலிலிருந்து அதட்டினாள் இராஜகுமாரி, புசல்லாவைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். "முடியலன்னா சொல்லுங்க, எங்க வீட்டுக்காரரு வெளிய நிக்கிறாரு. வந்து புடிப்பாரு."

லாபிர் பையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் தூக்கினார். சகீனாவின் உதடுகள் வெளுத்துக் கிடந்தன. குழாயின் கழுத்தில் ஒரு துளி திரண்டு, விழுவதற்கு யோசிப்பதுபோலத் தொங்கியது.