ஆகஸ்டுக்குள் பெற்றாக வேண்டும்

ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் பிறந்த பிள்ளையை ஆறு வயதில் பள்ளியில் சேர்க்கலாம். மறுநாள் பிறந்தால் இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இதற்காகவே சீனாவின் ஹூனானில் எங்கள் ஊரில் வருஷந்தோறும் ஆகஸ்ட் கடைசியில் வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்துத் தள்ளுகிறார்கள். எங்கள் வார்டில் ஆறு பேர். ஐந்து பேருக்குக் கிழித்தாயிற்று, மிச்சம் நான்தான்.

என் மாமியார் குய்ஃபாங் யாரையோ பிடித்து, முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கு எனக்கும் இடம் வாங்கிவிட்டார்.

“தலை கீழதான் இருக்கு, துடிப்பும் நல்லாருக்குன்னீங்க. அப்புறம் எதுக்குக் கத்தி?” என்று டாக்டரைக் கேட்டேன்.

“உங்க வீட்டுல கேட்டாங்க. எங்களுக்கும் அரைமணியில வேலை முடிஞ்சிரும்,” என்றார் அவர், ஒளிக்காமல்.

“ஒரு வருஷம் பிள்ளை வீட்டுல குந்தியிருக்கணுமா, யுன்சியா?” என்றார் மாமியார்.

“குந்தட்டும்மா. வகுப்புலயே உசரமா இருக்கும்.”

குடும்பத்தார் கையெழுத்துக்கான காகிதம் வந்தது. என் கணவன் ஹாவ்பின் பேனாவோடு அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான்.

“போடு. ஆனா கத்தி உன் வயித்துலதான்,” என்றேன்.

பேனாவை மூடிவிட்டான். வாய்தான் அப்படிப் பேசியது. உள்ளே பயம்தான். பிள்ளைக்கு ஏதாவது ஆனால் ஊரே என்னைத்தான் பேசும்.

செப்டம்பர் ஒன்று விடிந்ததும் வலி எடுத்தது. மருத்துவச்சி ஷியாங் அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு சிரித்தாள்.

“போன மாசம் தானா பெத்தவங்க நாலே பேருடி. தொழிலே மறந்துருமோன்னு இருந்தேன். கத்து, நல்லாக் கத்து!”

கத்தினேன். ஹாவ்பினின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். பதினொரு மணிக்குப் பெண் பிறந்தாள், மூன்றரைக் கிலோ. இந்த உடம்பு எனக்குச் சொந்தம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மத்தியானம் வார்டில் உட்கார்ந்து, மாமியார் கொண்டுவந்த வெல்லத்தண்ணீரையும் முட்டையையும் வெளுத்துக்கட்டினேன். கிழித்தவர்களுக்குக் காற்றுப் பிரிந்த பிறகுதான் சாப்பாடு. பாவம், பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள்.

பக்கத்துக் கட்டில்காரியின் மாமியார் உச்சுக்கொட்டினாள். “ஒரே நாள்ல கோட்டை விட்டுட்டீங்களே!”

காலையிலிருந்து என்னோடு பேசாத என் மாமியார் நிமிர்ந்தார்.

“யாரு கோட்டை விட்டா? என் மருமக தானா பெத்தா, தானா எழுந்து கக்கூஸுக்கு நடந்தா. உன் மருமகளுக்குக் காத்தாவது பிரிஞ்சுதா?”

கட்டில்களிலிருந்து அடக்கமுடியாத சிரிப்பு எழுந்தது, கூடவே, “ஐயோ, தையல் வலிக்குதே!” என்ற கூச்சலும்.

மாமியார் என் கிண்ணத்தில் இன்னொரு முட்டையை வைத்தார்.