மடிக்காத சேலைகள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு நர்ஸ் கொடுத்தது. அடையாறில் ஒரு மருத்துவமனை. சிகிச்சை அறையின் சாத்திய கதவைத் திறந்துகொண்டு வந்த அஸ்மத்துன்னிசா, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டுச் சொன்னாள்: "ஐயா உள்ள இன்னா பண்ணாரு தெரியுமாம்மா? எனக்குப் பொடவ காட்டிக்கினு இருந்தாரு."

நான் முதலில் எழுதிய வரி: 'அன்று மழை பெய்துகொண்டிருந்தது.' இல்லை, நல்ல வெயில். அடித்துவிட்டேன். இரண்டாவது: 'என் கணவர் சண்முகவேல் ஒரு போராளி, கடைசிவரை அவர்—' இதுவும் வேண்டாம். அவர் சேலை வியாபாரி. தி. நகரில் ஒரு சந்துக்குள் சின்னக் கடை. வெள்ளை விரித்த மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தே சேலை பிரித்தவர்.*

(* கடைக்கு அவர் வைத்திருந்த ஒரே விதி: வந்தவர் எழுந்து படியிறங்கும்வரை, பிரித்த சேலையை மடிக்கக் கூடாது. கண்ணெதிரே மடித்தால் 'கிளம்புங்க' என்று சொல்வதுபோல ஆகிவிடுமாம்.)

2

சிறுநீரகத்தில் தொடங்கிய புற்று, முதுகெலும்பில் வந்து தங்கியது. அவரால் நிற்க முடிந்தது, படுக்க முடிந்தது. உட்கார மட்டும் முடியவில்லை.

"நின்னுக்கிட்டுச் சேலை காட்டினா, பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிற மாதிரில்லா இருக்கு, வள்ளி."

டாக்டர் சித்தார்த்தன் படத்தைக் காட்டி விளக்கினார். "பெரிய வெட்டெல்லாம் இல்ல சார். முதுகு வழியா ஊசி போகும். கட்டியைச் சூட்டுல கருக்கிட்டு, அரிச்சுப்போன எலும்புல சிமெண்ட் மாதிரி ஒண்ணு நிரப்புவோம்."

"சிமெண்டா? அப்ப தினமும் தண்ணி ஊத்தி நனைக்கணுமா?"

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வலிக்காகத்தான் இது. நோய் இதனால போயிடாது."

"அது கெடக்கட்டும் டாக்டர். சம்மணம் போட முடியுமா?"

அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

3

அந்த அறைக்குள் நான் இல்லை. ஆனால் எழுதுகிறவளைக் கதவு தடுக்காது. இதோ, குப்புறப் படுத்திருக்கிறார். மயக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. திரையில் சாம்பல் நிறத்தில் அவருடைய எலும்பு. அதை நோக்கி ஒரு மெல்லிய கோடு நகர்கிறது. பச்சைத் துணி கண்ணில் பட்டதும் அது முந்தானையாக விரிகிறது. அதற்கடியில் மாம்பழ மஞ்சள், அதற்கடியில் மயில் கழுத்து. அலமாரிகள் தாமாகத் திறந்துகொள்கின்றன. அறை முழுக்கப் பட்டு, முழங்கால் உயரத்துக்கு.

"உங்க நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்மா."

"எவ்ளோ நைனா?" என்கிறாள் அஸ்மத்துன்னிசா.

"மொதல்ல தோள்ல போட்டுப் பாருங்க. வெலைய அப்புறம் பேசுவோம்."

[இந்த நிறங்கள் என்னுடையவை. அஸ்மத்துன்னிசாவிடம் கேட்டேன். "கலரெல்லாம் ஞாபகம் இல்லம்மா. கைய ஆட்டக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. வெரலு மட்டும் பிரிச்சிக்கினே இருந்துச்சு."]

4

இந்த இடத்தில் அவரைக் குணமாக்கிவிடலாம். ஒரு வரி போதும். 'அடுத்த ஸ்கேனைப் பார்த்த டாக்டர் நம்ப முடியாமல்—'

டாக்டரே எங்களிடம் பொய் சொல்லவில்லை. நான் எப்படி உங்களிடம் சொல்வது?

[தை பிறந்ததும் அவர் போய்விட்டார். இதைக் கடைசிப் பத்தியாக வைக்க மனம் வரவில்லை. அதனால் இங்கேயே, அடைப்புக்குறிக்குள்.]

5

அதற்கு முன் ஒரு மத்தியானம். வலி இறங்கியிருந்தது. என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். மெத்தையின் ஓரத்தைப் பிடித்து, ஒரு காலை மடித்தார். கொஞ்சம் நின்று, மற்றதையும் மடித்தார். உட்கார்ந்துவிட்டார். எதிரே என்னை உட்காரச் சொன்னார்.

"வாங்கம்மா, என்ன பாக்கணும்?"

"இது என்ன கூத்து?"

"கடைக்கு வந்தவங்க பேசுற பேச்சா இது? பட்டா, பருத்தியா?"

பிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததைத்தான் உடுத்தியிருக்கிறேன். எனக்கென்று இப்படிப் பிரித்து நான் பார்த்ததில்லை. மின்விசிறிக் காற்றில் முந்தானைகள் எழுந்து எழுந்து படிந்தன. கடைப்பையன் ஒன்றை மடிக்கக் குனிந்தான். அவர் பார்த்த பார்வையில் விலகிப் போனான்.

எனக்குப் புரிந்தது. நான் எழுந்தால் அவரும் எழ வேண்டும்.

ஒரு அரக்குச் சேலை பிடித்திருந்தது. சொல்லவில்லை. "வேற காட்டுங்க" என்றேன்.

"நீ எடுக்க மாட்டேன்னு தெரியும்ட்டி" என்றார் மெதுவாக. "இருந்தாலும் காட்டுதேன்."

6

இதை எப்படி முடிப்பது என்று

எனக்குக் கால் மரத்துவிட்டது. இங்கே வந்து என் இடத்தில் கொஞ்சம் உட்காருங்கள். உங்களுக்கும் ஒன்று பிடித்துப்போகும், அது நிச்சயம். வாய்விட்டுச் சொல்லிவிடாதீர்கள். அவர் நிமிர்ந்து பார்க்கும்போது "வேற காட்டுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.