பச்சையில் தெரிந்த பதில்கள்

அஸ்தம்பட்டியில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்த ஜோஸ்வாவுக்கு, அலுவலகம் விட்டு வந்ததும் கணினியில் கதை விளையாட்டு ஆடாவிட்டால் பொழுது போகாது. வெள்ளத்தில் சிக்கிய ஊரைக் காப்பாற்றும் கதை அது. என்ன பேசுவது, யாரைப் படகில் ஏற்றுவது என்பதையெல்லாம் ஆடுபவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் தடவை அவன் தேர்வு பிசகி, கதையில் வரும் தங்கை செத்துப்போனாள். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு, முன்பே ஆடி முடித்தவர்கள் இணையத்தில் எழுதிவைத்த வாக்த்ரூ என்னும் வழிகாட்டிக் குறிப்பைப் பார்த்துத்தான் ஆடினான். நல்லபடி முடியும் பதிலைப் பச்சை நிறத்தில் காட்டும் மோட் என்ற இணைப்பு நிரல் ஒன்றையும் விளையாட்டில் போட்டுக்கொண்டான். கதையில் அப்புறம் யாரும் சாகவில்லை.

“முடிவு தெரிஞ்சே ஆடறதுல என்னங்க இருக்குது?” என்று அவன் மனைவி அக்சிலியா கேட்பாள்.

“வீணா எதுக்கு மனசு சங்கடப்படணும்?” என்பான்.

அக்சிலியா அப்போது மூன்று மாதக் கர்ப்பம். ஸ்கேன் எடுத்த டாக்டர், குழந்தையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்றார். எல்லாம் முடிந்து மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது, வண்டியில் பின்னால் உட்கார்ந்தபடி அவள் கேட்டாள்.

“நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனாங்க?”

இல்லை என்ற சொல் அவன் நாக்கு நுனி வரை வந்தது. சும்மா சமாதானம் சொல்வதாக நினைத்துவிட்டால்? நடுரோட்டில் அழுதுவிட்டால்? ஜோஸ்வா வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பேசியில் தேடினான். கரு கலைந்த மனைவியிடம் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று எத்தனையோ பேர் எழுதியிருந்தார்கள். பலரும் மெச்சிய ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு அவளருகே போய் நின்றான்.

“உன்னோட உணர்வுகள் எல்லாமே நியாயமானது அக்சி. உனக்கு வேணுங்கற நேரத்தை எடுத்துக்கோ.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இதை எங்க படிச்சீங்க?”

அவன் கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்னொரு நாள், குழந்தைக்கென்று மனதில் வைத்திருந்த பெயரைச் சொன்னாள். அவன் “ம்” என்று எழுந்துபோய், அப்படிப்பட்ட பெயரைப் பற்றிப் பேசலாமா கூடாதா என்று தேடினான். திரும்பி வந்தபோது அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அதன்பின் அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் துணிமணிகளைப் பையில் எடுத்து வைத்தாள். ராசிபுரத்திலிருந்து அவள் அண்ணன் சேவியர்ராஜ் வந்திருந்தார். பேருந்து நிலையத்தில் அவர் இடம் பிடிக்க ஏறிக்கொள்ள, இவர்கள் இருவரும் கீழே நின்றார்கள்.

“எப்ப வருவே?”

“இனி வரலைங்க.”

போகாதே என்று சொன்னால் கட்டாயப்படுத்துவதாக ஆகுமோ என்று ஜோஸ்வா யோசித்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்குப் பாத்ரூம்ல குழாயைத் தொறந்துவிட்டுட்டு அழுதீங்க. எனக்குக் கேட்டுச்சு. அதை எம்பக்கத்துல உக்காந்து அழுதிருந்தாப் போதுமுங்க. தப்பா எதையாச்சும் சொல்லியிருந்தாக்கூட, சண்டை போட்டுட்டு உங்ககூடவே இருந்திருப்பேன். தப்பே வரக்கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் அடுத்தவங்களைக் கேட்டு நடக்கறவங்களால, கூட இருக்கறவங்க வலியில பங்கெடுக்க முடியாதுங்க.”

நடத்துநர் விசில் ஊத, அவள் ஏறிக்கொண்டாள்.

பேருந்து கிளம்பி நிலையத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் ஜோஸ்வா, “போகாதே அக்சி” என்றான். அது யாருக்கும் கேட்கவில்லை.