நான்காம் அங்கத்து வசனம்

அருட்பிரகாசம் அங்கிள் நடிக்க ஒப்புக்கொண்டது ஒரேயொரு வசனத்துக்காக. நோர்வேயில் எங்கள் தமிழ்ச் சங்கம் புருசெத் மண்டபத்தில் மேடையேற்றிய அமெரிக்கக் குடும்பத் துன்பியல் நாடகத்தில் அவர் அப்பா, நான் மகன். முதல் மூன்று அங்கங்களிலும் அப்பா யார் சொல்லையும் கேட்பதில்லை. நான்காவதில் மகனிடம், "பிழை என்னிலைதான், பிள்ளை. என்னை விட்டிட்டுப் போகாதை" என்கிறார். உடனே செத்துப்போகிறார். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க அமெரிக்காவிலும் வேறு வழி இல்லைப் போலும்.

அந்த வசனத்தை அவருடைய சொந்த மகள் யூலியா கேட்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவள் தானே ஒருவரைப் பார்த்து, ஏழு மணித்தியால ட்ரெயின் தூரத்திலுள்ள த்ரொண்ட்ஹைமில் கலியாணம் செய்தாள். அங்கிள் போகவில்லை. அதன் பிறகு அவள் அவரோடு கதைப்பதில்லை. தொலைபேசியில் நேரே சொல்லலாமே என்று ஒத்திகையில் கேட்டேன். த்ரொண்ட்ஹைமுக்கு நடந்து போகச் சொன்னவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். யூலியாவுக்கு நாடக ரிக்கெற் அனுப்பினார். வருவதாகவும், ட்ரெயின் இருப்பதால் மூன்று மணிக்கு மண்டபத்திலிருந்து வெளிக்கிடுவதாகவும் பதில் வந்தது.

நாடகம் ஒரு மணிக்கு. ஒரு மணிக்கு மண்டபத்தில் யூலியா மட்டும் இருந்தாள். நோர்வேயில் பிறந்தவள், அழைப்பிதழில் போட்ட நேரத்தை நம்பிவிட்டாள். ஒன்றரைக்கு விளக்கேற்றினார்கள். பிறகு வரவேற்பு நடனம், தலைவர் உரை, தலைவரைப் பாராட்டி உபதலைவர் உரை, பொன்னாடைகள். அங்கிள் இருபத்திரண்டு வருடமாக லோறென்ஸ்கூக் பக்கம் பஸ் ஓட்டுபவர். இரண்டு நிமிடம் பிந்தினாலே வியர்க்கும் மனிதர். பொன்னாடையை நிற்பாட்டச் சொல்லி இயக்குநர் அனஸ்ரேசியா ரீச்சரிடம் கெஞ்சினார்.

"அடுத்தது எனக்கு, அண்ணை," என்றார் ரீச்சர்.

திரை விலகியபோது இரண்டு ஐம்பது. முதற்காட்சியில் என் மேடை அம்மாவான புஷ்பராணி அன்ரி சூப் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அப்போது நல்ல பிள்ளை. சீரழிவு எனக்கு இரண்டாம் அங்கத்தில்தான் தொடங்கும். கீழே யூலியா எழுந்து குளிர் ஜாக்கெற்றைப் போட்டாள்.

அங்கிள் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"பிழை என்னிலைதான், பிள்ளை. என்னை விட்டிட்டுப் போகாதை."

என் தலைக்கு மேலால் பார்த்துச் சொன்னார். நாடகத்து அப்பா அதுவரை ஒரு பிழையும் விட்டிருக்கவில்லை. அன்ரி அகப்பையோடு அப்படியே நின்றார். வசனம் எடுத்துக்கொடுக்கத் திரைக்குப் பின்னால் நின்ற ரீச்சர், மண்டபம் முழுக்கக் கேட்கும் இரகசியக் குரலில், அது கடைசி அங்கம் என்றார். சனம் சிரித்தது.

யூலியா கதவடியில் திரும்பினாள். "இது நாடகமோ, அப்பா?"

முன்வரிசையில் தலைவர், சுவாமியார், பொன்னாடை போர்த்திய எட்டுப் பேர். அங்கிள் அவர்களை ஒருதரம் பார்த்தார். ஓம் என்றிருந்தால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"இல்லை," என்றார். "உன்ரை கலியாணத்தண்டு எனக்கு வேலையெண்டு எல்லாருக்கும் சொன்னனான். வேலை இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டை இருந்தனான்."

சிரிப்பு நின்றது.  யூலியா மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"ட்ரெயின் போயிடும், அப்பா."

அந்தக் குரலில் கோபம் இருந்ததா என்பதில் எனக்கும் அன்ரிக்கும் இன்னும் ஒரே கருத்து இல்லை. கதவு மூடியது. அங்கிள் உட்கார்ந்தார். மேசைக்குக் கீழால் அவர் காலைத் தட்டி, அவளுக்குப் பின்னால் ஓடச் சொன்னேன்.

"அவள் என்னை வரச் சொல்லேல்லையே, தம்பி," என்றார்.

அந்த இடத்தில் எனக்கொரு வசனம் இருந்தது. ரீச்சர் எடுத்துக்கொடுத்தார். சூப் ஆறுகிறது, குடியுங்கள் அப்பா என்றேன். குடித்தார். அவர் சாவதற்கு இன்னும் ஒன்றேமுக்கால் மணித்தியாலம் இருந்தது.